குவிமாடம் வருமுன்

ஆரணியில் புடவை வாங்க வருகிறவர் முதலில் முந்தியைத்தான் விரிக்கச் சொல்வார். ஜரிகை எவ்வளவு ஓடியிருக்கிறது, நிறம் எடுப்பாக இருக்கிறதா என்று பார்ப்பார். நெய்கிறவர் பார்வை வேறு. புடவை கைக்கு வந்ததும் அதைப் புரட்டுவார். கரையும் உடலும் சேரும் இடத்தில் இழை எப்படிக் கோக்கப்பட்டிருக்கிறது என்று உள்பக்கத்தில் தேடுவார். எந்தத் தறி, எப்படிப்பட்ட கை என்பது அங்கேதான் தெரியும்.

கட்டடத்துக்கும் முந்தி உண்டு, உள்பக்கமும் உண்டு. பள்ளிவாசல் என்றதும் நம் மனத்தில் எழும் படம் முந்தியைப் போன்றது: ஒரு குவிமாடம், இரண்டு மினார், உச்சியில் பிறை. ஒரு குழந்தையிடம் காகிதம் கொடுத்து வரையச் சொன்னால் இதைத்தான் வரையும். ஆனால் கீழக்கரைக்கோ காயல்பட்டினத்துக்கோ போய்ப் பழைய பள்ளிகளுக்குள் நுழைந்தால் இந்தப் படம் கைகொடுப்பதில்லை. வரிசை வரிசையாகக் கருங்கல் தூண்கள், அவற்றின் தலையில் போதிகை, அதன்மேல் உத்திரம், அதன்மேல் தட்டையான கல்தளம். முதன்முறை வருகிறவர் “கோயில் மாதிரி இருக்கிறதே” என்பார். அடுத்ததாக “விசித்திரம்” என்பார்.

அந்த விசித்திரம் யார் கண்ணில் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. பழைய பள்ளிகள் ஏன் மண்டபமாக நிற்கின்றன என்பதற்கு இதுவரை சொல்லப்பட்டுவரும் விடைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம். பார்த்து முடித்தபின் எனக்குத் தோன்றுவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் மண்டபப் பள்ளிதான் பழைய வழக்கம். குவிமாடம் பின்னால் வந்த விருந்தாளி. விருந்தாளி வீட்டுக்காரராகிவிட்டதால், வீட்டுக்காரர் நமக்கு விசித்திரமாகத் தெரிகிறார்.

சொல் முதலில் வந்தது

கட்டடத்துக்கு முன் சொல்லைப் பார்க்கலாம். தமிழ் முஸ்லிம்கள் தொழும் இடத்தைப் ‘பள்ளி’ என்கிறார்கள். மசூதி என்பது பெரும்பாலும் வெளியார் வாயிலும் செய்தித்தாளிலும் வரும் சொல். பள்ளி என்பது அரபியும் அல்ல, பாரசீகமும் அல்ல. துறவிகள் தங்கும் இடத்துக்கும் சமண, பௌத்த வழிபாட்டிடத்துக்கும் தமிழில் வெகுகாலம் வழங்கிய பெயர் அது. அத்தகைய இடங்களுக்கு அரசர்கள் விட்ட நிலம் கல்வெட்டுகளில் ‘பள்ளிச்சந்தம்’ என்றே வரும்.

ஆரணிப் பகுதி அந்தப் பழைய பள்ளிகளின் நாடு. போளூர்ப் பக்கத்துத் திருமலையில் நேமிநாதரின் நெடிய உருவம் பாறையில் நிற்கிறது. ராஜராஜனின் தமக்கை குந்தவையின் பெயரைத் தாங்கிய ஜினாலயமும் அங்கே உண்டு. இன்றும் இந்த வட்டாரத்து ஊர்களில் தமிழ்ச் சமணர்கள் வாழ்கிறார்கள். நம் கோயில் அல்லாத, ஆனால் மதிக்கத்தக்க ஒரு வழிபாட்டிடத்துக்கு என்ன பெயர் வைப்பது என்ற சிக்கலை இந்த மண் சமணர் காலத்திலேயே தீர்த்து வைத்துவிட்டது. கடல்வழி வந்தவர்களுக்கு அந்தச் சொல் தயாராகக் காத்திருந்தது.

13ஆம் நூற்றாண்டில் திருப்புல்லாணிக் கோயிலில் பொறிக்கப்பட்ட பாண்டியர் கல்வெட்டு ஒன்று, பவித்திரமாணிக்கப்பட்டினத்துச் சோனகர் பள்ளிக்கு நிலக்கொடை அளித்ததைச் சொல்கிறது. சோனகர் என்பது அரபு வழி வந்த முஸ்லிம்களுக்கு அக்காலத் தமிழ் வைத்த பெயர். வைணவத் திருப்பதி ஒன்றின் சுவரில் முஸ்லிம் தொழுகையிடத்துக்கான கொடை, சமணர்க்கு வழங்கிய சொல்லால் எழுதப்பட்டிருக்கிறது. பாண்டிய நாட்டுக்குக் குதிரைகள் கடல்வழி வந்திறங்கிய காலம் அது. காயல் துறைமுகத்தைப் பற்றி மார்க்கோ போலோவும் எழுதியிருக்கிறார். அரசனுக்குக் குதிரை வேண்டும், வணிகனுக்குத் தொழ இடம் வேண்டும். இரண்டும் ஒரே கணக்கில் அடங்கின.

தொழுகைக்கு என்ன வேண்டும்

பள்ளிவாசலுக்குக் கட்டாயமாக வேண்டியவை மிகக் குறைவு. தூய்மையான தரை, தொழுமுன் ஒளு செய்து கைகால் கழுவத் தண்ணீர், மக்காவின் திசையைக் காட்டும் ஒரு சுவர், அதில் மிஹ்ராப் என்னும் மாடம், வெள்ளிக்கிழமை குத்பா ஓதச் சில படிகள் கொண்ட மிம்பர், தோளோடு தோள் சேர்ந்து வரிசையாக நிற்க இடம். குவிமாடம் இந்தப் பட்டியலில் இல்லை. மினாரும் இல்லை. பாங்கு சொல்ல உயரமான இடம் இருந்தால் நல்லது, அவ்வளவுதான்.

மாறாக, விலக்க வேண்டியது ஒன்று உண்டு. மனித உருவமும் விலங்குருவமும் தொழுமிடத்தில் இருக்கலாகாது. ஆக, ஊர்க் கல்தச்சருக்குச் சோனக வணிகர் சொல்லியிருக்கக்கூடிய கட்டளை எளிமையானது: நீ கட்டத் தெரிந்ததைக் கட்டு, உருவத்தை மட்டும் விடு.

திசையிலும் ஒரு பொருத்தம் அமைந்தது. இதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. நம் சிவன் கோயில்களும் பெருமாள் கோயில்களும் பெரும்பாலும் கிழக்கு நோக்கியவை. எனவே கிழக்கு வாசலில் நுழைந்து மேற்கு முகமாக நடப்பதுதான் தமிழ்நாட்டுப் பக்தரின் பழக்கம். தமிழ்நாட்டிலிருந்து மக்காவும் மேற்கில்தான் இருக்கிறது. கணக்காகப் பார்த்தால் நேர்மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 20 பாகை சாய்வு. சென்னையில் சற்றுக் குறைவு, கீழக்கரையில் சற்று அதிகம். ஆகவே மண்டபத்தின் மனையடியைத் தலைகீழாக்க வேண்டிய தேவை வரவில்லை. கிழக்கே வாசல், மேற்கே முகம் என்ற பழைய அமைப்பே போதுமானதாக இருந்தது.

மாறியது ஒன்றுதான். கோயில் மண்டபம் நீளவாக்கில் ஆழமாகப் போகும். இருண்டு ஒடுங்கும் கருவறையை நோக்கிக் கண்ணை இழுக்கும். பள்ளியில் கருவறை கிடையாது, வரிசை உண்டு. அதனால் மண்டபம் அகலவாக்கில் விரிய வேண்டும். ஒரே தூண், ஒரே உத்திரம்தான். வைக்கும் முறை மாறியது.

கீழக்கரைத் தூண் சொல்வது

கீழக்கரையின் ஜும்மா பள்ளியை இந்த வகையின் முதிர்ந்த வடிவம் எனலாம். ஊர் மரபு அதை வள்ளல் சீதக்காதியின் பெயரோடு சேர்த்துச் சொல்கிறது. ஷெய்கு அப்துல் காதர் மரக்காயர் என்ற இயற்பெயர் கொண்ட அவர், 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த பெருவணிகர். ராமநாதபுரம் கிழவன் சேதுபதியின் நண்பர்.

உள்ளே போனால் தூண் ஒன்றின் அருகே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். கீழே சதுரம், நடுவில் பட்டை தீட்டிய கட்டு, மீண்டும் சதுரம். நாயக்கர் காலத்துக் கோயில் மண்டபம் எதையும் பார்த்தவருக்கு இது பழகிய வரிசை. கோயிலில் அந்தச் சதுரப் பரப்பில் ஒரு நர்த்தன கணபதியோ, அனுமனோ, கைகூப்பிய கொடையாளியோ இருப்பார். இங்கே அதே சதுரத்தில் பூவும் கொடியும் கோலம் போன்ற கணித வடிவங்களும் அமர்ந்திருக்கின்றன. மேலே போதிகையின் நுனியில் மொட்டு தொங்குகிறது. வெளியே கொடுங்கை வளைந்து மழைநீரை எறிகிறது.

காயல்பட்டினத்தில் இத்தகைய பள்ளிகள் ஒன்றல்ல, பல. அங்குள்ள பெரிய குத்பா பள்ளியின் தோற்றத்தை மரபு 14ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோகிறது. மதுரையில் காஜிமார் தெருப் பெரிய பள்ளியைப் பாண்டியர் காலத்தோடு இணைக்கிறார்கள். திருச்சி கோட்டைப் பகுதியில் உள்ள சிறிய கல்லுப்பள்ளிக்கு ஹிஜ்ரி 116, அதாவது கி.பி. 734 என்ற தேதி சொல்லப்படுகிறது. அத்தனை பழமையை ஆய்வாளர் எல்லோரும் ஏற்பதில்லை. தேதிகளில் வழக்கு இருக்கலாம், அமைப்பில் இல்லை. இவை யாவும் ஒரே குடும்பத்தின் முகச்சாயல் கொண்டவை. தென்னிந்திய முஸ்லிம் கட்டடக்கலையைப் பற்றி 2003இல் விரிவான நூல் வெளியிட்ட மெஹர்தாத் ஷொகூஹி, காயலையும் கீழக்கரையையும் அளந்து வரைந்து, இவற்றைத் தனித்த ஒரு மரபாகவே நிறுவினார்.

மூன்று விடைகள்

இந்த முகச்சாயல் எங்கிருந்து வந்தது? பொதுவாக மூன்று விடைகள் சொல்வார்கள்.

முதல் விடை சந்தேகத்தின் குரலில் வரும்: இவை கோயிலாக இருந்து பள்ளியாக மாறியவை. இந்தியாவில் அப்படி நடந்ததே இல்லை என்று சொல்ல முடியாது. டெல்லி குதுப் வளாகத்தின் குவ்வத்-உல்-இஸ்லாம் மசூதியில் 27 கோயில்களின் கற்கள் பயன்பட்டதாக அதன் கல்வெட்டே அறிவிக்கிறது. ஆனால் கல் மறுபடி பயன்பட்ட இடத்தில் அதற்கான தழும்பு இருக்கும். உருவம் செதுக்கி எடுக்கப்பட்ட குழி, உயரம் ஒவ்வாத தூண்கள், ஒன்றின்மேல் ஒன்று வைத்து நீட்டிய துண்டுகள், தலைகீழாகப் போன அலங்காரம். கீழக்கரைப் பள்ளியின் தூண்கள் ஒரே அளவில், ஒரே திட்டத்தில், பூவுக்கென்றே ஒதுக்கிய சதுரத்தில் பூ செதுக்கப்பட்டு நிற்கின்றன. அழித்த இடத்தில் வரைந்த பூ அல்ல அது. முதலிலேயே பூவாகப் பிறந்தது. எனவே இந்த விடையை ஒவ்வோர் இடத்திலும் கல்லைத் தொட்டுப் பார்த்துத்தான் ஏற்கவோ தள்ளவோ வேண்டும். மொத்தமாகச் சொன்னால் அது ஆய்வாகாது. தனிக் கல் ஒன்று மறுபடி பயன்பட்டதே அதற்குச் சான்றாகிவிடாது; பழைய கல்வெட்டுக் கல்லைப் புரட்டிப் போட்டுப் புதுச்சுவர் எழுப்பியதைக் கோயில் திருப்பணிகளிலும் பார்க்கிறோமே.

இரண்டாம் விடை விழா மேடையில் கேட்பது: இது மத நல்லிணக்கத்தின் சின்னம். கேட்க இனிமையானது, தவறும் அல்ல. மதுரை கோரிப்பாளையம் தர்காவில் வீரப்ப நாயக்கர் காலத்து 1573ஆம் ஆண்டுக் கல்வெட்டு, பாண்டியர் காலம் தொட்டு வந்த நில உரிமையை உறுதி செய்கிறது. நாகூரின் ஐந்து மினார்களில் உயரமானதைக் கட்டிக் கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். கொடையும் உறவும் இருந்தன என்பதற்குச் சான்று ஏராளம். ஆனால் இந்த விடை ஒன்றை மறந்துவிடுகிறது. கட்டியவர்கள் நல்லிணக்கத்தை நிரூபிக்கக் கட்டவில்லை. மழை ஒழுகாத ஒரு தொழுமிடம் வேண்டும் என்றுதான் கட்டினார்கள். இன்று நமக்குத் தேவைப்படும் ஒரு செய்தியை அவர்கள் கட்டடத்தின் மேல் ஏற்றினால், அவர்களுடைய காரணம் நம் கண்ணுக்கு மறைந்துபோகும். ‘கோயில் பாணிப் பள்ளிவாசல்’ என்ற பாராட்டிலும் ஒரு சின்னப் பிழை உண்டு. மண்டபம் கோயிலின் தனிச்சொத்து அல்ல. சத்திரமும் மண்டபம்தான், குளக்கரையும் மண்டபம்தான், சமணப் பள்ளியும் மண்டபம்தான். நன்றாகக் கட்டு என்றால் அன்றைய தமிழ்நாட்டில் மண்டபம் கட்டு என்றே பொருள்.

மூன்றாம் விடை கைவினைஞரைக் காட்டும்: உள்ளூர்க் கல்தச்சருக்கு வேறு வடிவம் தெரியாது. இதுவே மற்ற இரண்டையும்விட உண்மைக்கு அருகில் வருகிறது. ஆனாலும் ‘தெரியாது’ என்ற சொல் உறுத்துகிறது. கட்டச் சொன்னவர்கள் உலகம் பார்க்காதவர்கள் அல்லர். கடல்வணிகரான மரக்காயர்களின் கப்பல்கள் கீழைக் கடலெங்கும் போய்வந்தன. அரபு நாட்டோடு அவர்களுக்குச் சமயத் தொடர்பும் வணிகத் தொடர்பும் இருந்தன. வேண்டுமென்றால் வேறு வடிவம் கேட்டிருப்பார்கள். கேட்கவில்லை. மண்டபம் அவர்களுக்கு அயலார் வீட்டுப் பொருளாகத் தோன்றவில்லை என்பதே அதன் பொருள்.

இதற்குக் கல்லைவிட நல்ல சான்று ஏட்டில் இருக்கிறது. சீதக்காதியின் ஆதரவோடு இணைத்துப் பேசப்படும் உமறுப்புலவரின் சீறாப்புராணம் நபிகள் நாயகத்தின் வாழ்வைச் சொல்லும் காப்பியம். அது நாட்டுப் படலம், நகரப் படலம் என்று தமிழ்க் காப்பிய மரபுப்படியே தொடங்குகிறது. அரபு நாட்டு வருணனையில் தமிழ்நாட்டு ஆறும் வயலும் நாற்று நடவும் வருகின்றன. பாலைவனம் எப்படியிருக்கும் என்று கீழக்கரைக் கப்பல்காரருக்குத் தெரியாதா? தெரியும். நபியின் சரிதையைத் தமிழில் மதிப்போடு சொல்ல வேண்டுமானால் காப்பியமாகத்தான் சொல்ல வேண்டும். இறைவனின் இல்லத்தைத் தமிழ்நாட்டில் மதிப்போடு கட்ட வேண்டுமானால் மண்டபமாகத்தான் கட்ட வேண்டும். ஏடும் கல்லும் ஒரே முடிவை எடுத்திருக்கின்றன.

ஆரணி வழியாக வந்த விருந்தாளி

குவிமாடம் எப்போது வந்தது என்று பார்க்க ஆரணியைவிட வசதியான இடம் இல்லை. வடக்கே ஆற்காடு, வடமேற்கே வேலூர், தெற்கே சேத்துப்பட்டு வழியாகச் செஞ்சி. இந்த மூன்று கோட்டைகளுக்கும் நடுவில் கமண்டல நாகநதிக் கரையில் ஆரணி. ஊரின் ஜாகீரே 17ஆம் நூற்றாண்டில் பீஜப்பூர் ஆதிக்கம் இந்தப் பக்கம் நீண்ட காலத்தில் ஒரு மராட்டிய பிராமணக் குடும்பத்துக்குக் கிடைத்தது. பீஜப்பூர், மராட்டியர், மொகலாயர், ஆற்காட்டு நவாபு என்று தக்காணத்திலிருந்து வந்த ஒவ்வோர் அரசும் இந்தச் சமவெளியைத் தாண்டித்தான் போனது. அவர்களோடு ஒரு கட்டட முறையும் வந்தது.

அந்த முறையைச் செஞ்சிக் கோட்டைக்குள் இருக்கும் சாதத்துல்லா கான் மசூதியில் தெளிவாகப் பார்க்கலாம். 1714இல் செஞ்சியின் இளம் தலைவன் தேசிங்குராஜன் நவாபு சாதத்துல்லா கானின் படையோடு பொருது மடிந்தான். அந்தக் கதையை நாட்டுப்புறக் கதைப்பாடல் இன்னும் மறக்கவில்லை. அதில் தேசிங்கின் உயிர்த்தோழன் ஒரு முஸ்லிம் வீரன். போர் முடிந்து சில ஆண்டுகளில், 1717–18இல், இந்த மசூதி கட்டப்பட்டது. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பி, மழமழவென்று சாந்து பூசிய முகப்பு; கூர்வளைவுகள்; ஒல்லியாக உயரும் மினார்கள்; பாரசீகக் கல்வெட்டு. பக்கத்திலேயே கருங்கல்லில் வேங்கடரமணர் கோயில். ஒரே கோட்டைக்குள் கல்லின் மொழியும் சுண்ணாம்பின் மொழியும் எதிரெதிரே நின்று பேசுகின்றன.

இந்தப் புது முறைக்கு ஒரு நியாயமும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. கல் உத்திரம் அதிக நீளம் தாங்காது. இழுவிசைக்குக் கருங்கல் பலவீனமானது; சில அடிக்கு ஒரு தூண் வைத்தே ஆக வேண்டும். அதனால் மண்டபப் பள்ளியில் தொழுகை வரிசை தூணுக்குத் தூண் முறியும். வளைவும் குவிமாடமும் பாரத்தை அமுக்க விசையாக மாற்றிப் பக்கச் சுவருக்கு அனுப்பிவிடுகின்றன. நடுவில் தூண் குறைகிறது, கூடம் திறக்கிறது, இமாமின் குரல் மேலே மோதிப் பரவுகிறது. வரிசையாக நின்று தொழும் மார்க்கத்துக்கு இது உண்மையான வசதி. ஆனால் குவிமாடம் அந்த வசதிக்காக மட்டும் வரவில்லை. தூரத்திலிருந்தே ஆட்சி யாருடையது என்று சொல்லவும் வந்தது. கடலோர வணிகர் அரசரின் நிலத்தில் கட்டினார்; நவாபு தன் நிலத்தில் கட்டினார். முகப்பில் தெரிவது அந்த வேறுபாடு.

வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயில் விஜயநகரக் கல்யாண மண்டபத்தோடு நிற்க, சற்றுத் தள்ளி நவாபு காலத்து மசூதி வளைவுகளோடு நிற்கிறது. ஆற்காட்டில் பாலாற்றங்கரை டெல்லி வாசலும், திப்பு அவுலியா தர்காவும், ஜாமியா மசூதியும் இதே மொழியில் பேசுபவை.

கல்லுக்குத் திரும்பிய நவாபு

1751 டிசம்பரில் ஆரணிக்கு வெளியே ஒரு சண்டை நடந்தது. ஆற்காட்டு முற்றுகையைத் தாக்குப்பிடித்த ராபர்ட் கிளைவ், மராட்டியக் குதிரைப்படையின் துணையோடு, நவாபு பதவிக்காக முகமது அலியோடு மோதிய சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிபையும் பிரெஞ்சுக்காரர்களையும் இங்கே தோற்கடித்தார். அடுத்த ஆண்டில் சந்தா சாகிப் கொல்லப்பட்டார். முகமது அலி வாலாஜா நவாபானார். ஆங்கிலேயரிடம் பட்ட கடனும் அவரோடு சேர்ந்து வளர்ந்தது. தலைநகர் ஆற்காட்டிலிருந்து சென்னைச் சேப்பாக்கத்துக்கு நகர்ந்தது.

அந்தக் குடும்பம் 1795இல் திருவல்லிக்கேணியில் எழுப்பிய பெரிய பள்ளிவாசலில் ஒரு வியப்பு காத்திருக்கிறது. மினார் இருக்கிறது, வளைவு இருக்கிறது, அகன்ற படிகளும் முற்றமும் இருக்கின்றன. ஆனால் பொருள் செங்கல் அல்ல, சாம்பல் நிறக் கருங்கல். மரமும் இரும்பும் சேர்க்காமல் கட்டியது என்பது அதன் புகழ். செஞ்சியில் சுண்ணாம்பில் பேசிய நவாபு மொழி, எண்பது ஆண்டுக்குள் தமிழ்நாட்டுக் கல்லில் பேசப் பழகிவிட்டது. கட்டிய ஆண்டைக் குறிக்கும் பாரசீகச் செய்யுளை இயற்றியவர் நவாபின் அரண்மனையில் எழுத்துப் பணி செய்த ராஜா மக்கன் லால் என்ற இந்து. அந்த வரிகள் இன்றும் உள்ளே கல்லில் இருக்கின்றன. முகமது அலி அதே ஆண்டில் இறந்தார். அவர் உடல் கடைசியில் திருச்சி நத்தர்வலி தர்காவில் அடக்கமானது.

விருந்தாளி வந்த வீட்டின் பழக்கம் விருந்தாளிக்கும் தொற்றும் என்பதற்குத் திருவல்லிக்கேணியே போதும்.

கடல் கடந்த சாட்சி

ஊருக்கு ஊர் மாறுவதுதான் பள்ளிவாசலின் பொதுவிதி என்பதற்கு உலகெங்கும் சாட்சி உண்டு. கோழிக்கோட்டு மிஷ்கால் பள்ளி மரத்தால் அடுக்கடுக்காக எழுந்து ஓடு வேய்ந்தது. மழை நாட்டுக்கு அதுவே சரி. ஸ்ரீநகர் ஜாமியா மசூதியில் தேவதாருத் தூண்கள் 378. 1367இல் கட்டிய குல்பர்கா கோட்டை மசூதிக்கு முற்றமே கிடையாது, முழுவதும் கூரை. சீனத்து சியான் பெரிய பள்ளி சீனத் தோட்ட மாளிகை போல இருக்கும். ஜாவாவின் தெமாக் பள்ளிக்கு அடுக்குக் கூரை. குதூஸ் ஊர்ப் பள்ளியின் மினார் செங்கல் கோயில்போல நிற்கும்.

தமிழ் முஸ்லிம்கள் போன இடங்களைப் பார்த்தால் இந்த விதி இன்னும் துலங்கும். மலாக்காவின் கம்போங் கிளிங் பள்ளி 1748இல் இந்திய வணிகர்கள் தொடங்கியது. ‘கிளிங்’ என்பது மலாய்க்காரர் நம்மவருக்கு வைத்த பெயர். அந்தப் பள்ளிக்கு மண்டபமும் இல்லை, குவிமாடமும் இல்லை. ஜாவா பாணி அடுக்குக் கூரையும் சீனக் கோபுரம் போன்ற மினாரும்தான். சொந்த ஊரில் மண்டபம் கட்டியவர் மலாக்காவில் அடுக்குக் கூரை கட்டினார். அவர் தூக்கிப்போனது வடிவத்தை அல்ல, போன இடத்தின் சிறந்த வடிவத்தில் கட்டும் பழக்கத்தை. சிங்கப்பூரில் 1820களில் சூலியாக்கள் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் நிறுவிய ஜாமிஆ பள்ளிக்கும் நாகூர் தர்காவுக்கும் ஐரோப்பியத் தூண்களும் தென்னிந்திய முகப்பும் ஒன்றாகச் சேர்ந்தன. கொழும்புப் பேட்டையில் 1908–09இல் எழுந்த சிவப்பு வெள்ளைக் கோடிட்ட பள்ளியைச் சம்மாங்கோட்டுப் பள்ளி என்பார்கள். தென்னிந்திய முஸ்லிம் வணிகர்கள் கட்டியது.

பினாங்கின் கப்பித்தான் கிளிங் பள்ளி வேறு ஒரு திருப்பத்தைக் காட்டுகிறது. 1801இல் தொடங்கிய அது, இன்று நாம் பார்க்கும் மொகலாயக் குவிமாடத் தோற்றத்தை 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில்தான் பெற்றது. சென்னையில் செனட் இல்லம், உயர் நீதிமன்றம் என்று ஆங்கிலேயப் பொறியாளர்கள் குவிமாடத்தை ‘இந்தியத் தன்மை’யின் அடையாளமாக்கி முடித்திருந்த காலம். காப்பியம் எழுதி மண்டபம் எழுப்பிய கை, தன்னை எப்படிக் காட்டிக்கொள்வது என்பதற்கு வெளியிலிருந்து ஒரு படத்தை வாங்கத் தொடங்கியது அப்போதுதான். பிறகு நாட்காட்டியும் சினிமாவும் வளைகுடாச் சம்பாத்தியமும் காங்கிரீட்டும் அந்தப் படத்தை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தன.

யார் காப்பது

இன்றைய நிலைமை இரண்டு வகை. செஞ்சி, வேலூர் மசூதிகள் தொல்லியல் துறையின் காவலில் உள்ள கோட்டைகளுக்குள் இருக்கின்றன. 2025 ஜூலையில் மராட்டிய ராணுவ நிலக்காட்சிகள் என்ற தலைப்பில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 கோட்டைகளில் செஞ்சியும் ஒன்று. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக்கட்டடம் கூடாது. அடுத்த 200 மீட்டருக்குள் அனுமதி வேண்டும். அங்கே கல் பிழைத்தது. ஆனால் ஐவேளை பாங்கு இல்லை.

கடலோர மண்டபப் பள்ளிகளில் நிலைமை நேரெதிர். பாங்கு இருக்கிறது, வரிசை வரிசையாக ஆள் நிற்கிறது. கல்லைக் காப்பது ஜமாஅத்தின் விருப்பம்தான். ஊர் பெருகும்போது இடம் போதவில்லை என்பது பொய்யல்ல. தூண்கள் வரிசையை மறிக்கின்றன என்பதும் பொய்யல்ல. அதனால் சில ஊர்களில் பழைய மண்டபத்தை இடித்துக் காங்கிரீட்டுக் கூடம் போடுகிறார்கள். சில ஊர்களில் தூணுக்கு எண்ணெய் வண்ணம் அடித்து, தரைக்குப் பளபளப்பு ஓடு பதித்து, முகப்பில் குவிமாடம் ஒட்டுகிறார்கள். இவர்களை வெளியூர்க்காரர் கண்டிப்பது எளிது. கோயில் திருப்பணிகளில் மணல் வீச்சில் தேய்ந்த சிற்பங்களைப் பார்த்த நமக்கு அந்த உரிமை எவ்வளவு என்று கேட்டுக்கொள்ள வேண்டும். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் பழைய மண்டபத்தை விடாமல் வைத்துக்கொண்ட ஜமாஅத்துகள் காட்டும் வழி ஒன்று உண்டு: பழைய கூடம் அப்படியே நிற்கட்டும், புதிய இடம் பக்கத்தில் வளரட்டும்.

பார்க்கப் போகிறவருக்குச் சில சொற்கள். இவை காட்சிக்கூடங்கள் அல்ல. தொழுகை வேளை தவிர்த்துப் போங்கள். பாங்கு சொல்லும் மோதினாரிடமோ நிர்வாகத்தாரிடமோ சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி, முழங்கால் மறைய உடுத்தி உள்ளே செல்லுங்கள். பெண்களுக்கு உள்கூடத்தில் அனுமதி இல்லாத பள்ளிகள் உண்டு. முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. படம் எடுக்குமுன் கேளுங்கள். உள்ளே போனதும் மேலே குவிமாடத்தைத் தேடாதீர்கள். தூணின் நடுச் சதுரத்துக்கு வாருங்கள்; அங்கே கை வைத்துப் பாருங்கள். குழி இருக்கிறதா, பூ இருக்கிறதா? போதிகை மொட்டு ஒரே கையின் வேலையா, பல கையின் வேலையா? தளக்கல் எத்தனை அடிக்கு ஒரு தூணைக் கேட்கிறது? கட்டடத்தின் வயதும் கதையும் பலகையில் எழுதியதைவிட இங்கே ஒழுங்காக எழுதியிருக்கும்.

ஆரணிக்குத் திரும்பும் வழியில் செஞ்சி மசூதியின் வெள்ளை முகப்பு மறுபடி கண்ணில் படும். அது அழகுதான். ஆனால் அது முந்தி. புடவையைப் புரட்டிப் பார்க்கக் கற்றுக்கொண்ட கண்ணுக்கு, கீழக்கரையின் பூச்செதுக்கிய சதுரம்தான் தறியைச் சொல்லும். தமிழ்நாட்டில் பள்ளி என்ற சொல்லும் மண்டபம் என்ற வடிவமும் ஒன்றையொன்று கண்டு பல நூற்றாண்டு வாழ்ந்த பிறகே குவிமாடம் வாசலில் வந்து நின்றது. அடுத்த முறை ஒரு குழந்தையிடம் பள்ளிவாசல் வரையச் சொன்னால், முதலில் நான்கு தூண் போடச் சொல்வேன்.